மேற்படி வாய்

"யம்மா, வெத்தலயத் துப்பிட்டு உள்ள போங்க" என்கிறார் வாசலில் நிற்கும் காவல்காரர். வெற்றிலை எங்கே இருக்கிறது, வாயைத் திறந்து காட்டலாம், காட்டினால் உள்ளே கிடக்கிற பனங்கற்கண்டு தெரியும், அதற்கு இன்னொரு விளக்கம் சொல்ல வேண்டும், அதனால் ஒரு சிரிப்பு சிரித்து வைக்கிறேன். ஆவுடை என் முழங்கையைப் பிடித்து இழுத்தபடி, "அவ சீக்காளி அண்ணாச்சி, கற்கண்டு போட்டிருக்கா" என்கிறாள். சீக்காளி என்ற சொல்லுக்கு இந்த மனநல வாரியக் கட்டடத்தில் மட்டும் ஒரு மரியாதை உண்டு போலிருக்கிறது, மனிதர் தானே கதவைத் திறந்துவிடுகிறார். நீண்ட நடை, நீல பெஞ்சு, மேலே ஒரு விசிறி, அதற்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தாயிற்று. கிருபாவதி, உன் பேர் கூப்பிடுகிற வரைக்கும் அசையக் கூடாது. கால் தரையில், கை மடியில், நாக்கு கற்கண்டின் மேல். கற்கண்டு கரைந்தால் கைப்பையில் இன்னும் இருக்கிறது, ஆவுடை பொட்டலமாகவே வாங்கிவந்திருக்கிறாள், அவளுக்கு எதையும் சில்லறையாக வாங்கத் தெரியாது. நாக்குக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது வெளியே வேலை தேடாது என்பது எங்கள் இரண்டு பேரின் கண்டுபிடிப்பு. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்க இப்படி உட்கார்ந்து பழகினேன். எங்கள் போதகர் ஐயர் அன்றைக்கு யோபுவின் பொறுமையைப் பற்றிப் பேசினார், யோபுவுக்குக் கற்கண்டு கிடைக்கவில்லை பாவம் என்று நினைத்துச் சிரிப்பு வந்து, சிரிப்பை அடக்கி, அடக்கியதில் வாய் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்தில் இருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று கைக்குட்டை கொடுத்தார்கள். இன்றைக்குச் சிரிக்கவும் கூடாது.

வழக்கின் சங்கதி யாதெனில் என்று ஆரம்பித்தால்தான் எனக்கு எதுவுமே ஓடும். கோர்ட்டுக்கு எதிரே ஆவுடையும் நானும் சேர்ந்து நடத்துகிற ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பாளையங்கோட்டைக்காரர்களின் சண்டையெல்லாம் டைப் அடித்த விரல்கள் இவை. மேற்படி மனுதாரர், மேற்படி சுவர், மேற்படி சுவரின் மேல் சாய்ந்துள்ள முருங்கை மரம். இப்போது மேற்படி நானே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்குச் சுகமில்லாமல் போனது நிஜம், அதை மறைத்து நான் என்ன மேல்முறையீடா செய்யப்போகிறேன். கீபோர்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக என்னோடு பேச ஆரம்பித்தன, மற்றதெல்லாம் பரவாயில்லை, இந்த ‘ழ’ இருக்கிறதே, அது மிரட்டும். கடையை மூடு, கதவைச் சாத்து, ஆவுடையை நம்பாதே என்றது. நான் ‘ழ’ இல்லாமலே மனு அடித்துப் பார்த்தேன், வழக்கு என்று எப்படி எழுதுவது, வக்கீல்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிறகு தூக்கம் போனது, சோறு போனது, ஒருநாள் வீட்டுக் கதவுகளையெல்லாம் உள்பக்கம் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன், வேலைக்குப் போக வேண்டிய தானியேல் அண்ணன் கயிற்றை அறுத்துத்தான் வெளியே போனான். பயந்துதான் போனான், பாவம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவன்தான் பெரியவன், என்ன செய்வான், ஊருக்கு வெளியே ஒரு தனியார் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மாதா மாதம் இடுப்பில் ஒரு ஊசி. குரல்கள் நின்றன. நன்றி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் குரல்கள் உட்கார்ந்த அன்றைக்குக் கால்கள் எழுந்துகொண்டன.

கால், கால், கீழே பார்க்காதே, பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும். "ஏட்டி, தையல் மிஷின் மிதிக்கே" என்று காதில் சொல்கிறாள் ஆவுடை. ஆமாம், வலது குதிகால் தானாகத் தாளம் போடுகிறது, ஒரு மூச்சு இழுத்து விட்டு அதை நிறுத்துகிறேன். இது இப்போது வால்தான், அப்போது முழு மிருகம். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் திரும்ப வேண்டும், எலும்புக்குள் எறும்பு விட்ட மாதிரி. படுக்கையில் படுத்து ஒரு முழு ஜெபம் சொல்லி முடிக்க முடியவில்லை, ‘பரமண்டலங்களில்’ என்ற முதல் வார்த்தைக்குள் நடுக் கூடத்தில் நிற்பேன். அந்தக் கூடத்தில் என்னோடு இன்னும் சில பேர் நடந்தார்கள், ஒருவருக்கொருவர் வழிவிட்டு, எதிரே வந்தால் தலையசைத்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. யாரும் யாரிடமும் ஏன் நடக்கிறாய் என்று கேட்கவில்லை. நர்ஸ் பிள்ளை என் சீட்டில் ‘அமைதியின்மை அதிகம்’ என்று எழுதினாள், டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஊசியின் அளவைக் கூட்டினார், கூட்டியதும் இன்னும் நடந்தேன், இன்னும் நடந்ததும் இன்னும் கூட்டினார். ஐயா, இந்த ஊசிதான் என்னை நடக்க வைக்கிறது என்று சொன்னேன். அது உன் நோய் பேசுகிறதம்மா என்றார். நான் பேசினால் நோய் பேசுகிறது, அவர் பேசினால் டாக்டர் பேசுகிறார், இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் நியாயம் கேட்பது. செத்தாலும் பரவாயில்லை, நடை நின்றால் போதும் என்று நினைத்த ஒரு சாயங்காலம் உண்டு, அதை ஆவுடையிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். சரி, போதும், கற்கண்டு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய், அதுவும் அந்த ஊசியின் வேலைதான். முதலில் உதடு குவிந்தது, பிறகு நாக்கு எட்டிப் பார்த்தது, பிறகு தாடை அசைபோட ஆரம்பித்தது, எனக்கே தெரியாமல், அண்ணன் பெண்டாட்டி மைனிதான் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். கண்ணாடியில் ஒரு ஆடு. உடம்பும் பெருத்துப் போய் இருந்ததால் நல்ல விலைபோகிற ஆடு. அன்றைக்கு அழுதேன், மறுநாளிலிருந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன், ஏனென்றால் ஊரே என் வாயை வாசிக்க ஆரம்பித்திருந்தது. ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, நம்ம கிருபா ஓயாமல் ஜெபிக்கிறாள், உதடு நிற்கிறதே இல்லை பாருங்கள், நாமும் அப்படி இருக்க வேண்டும் என்று சாட்சி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஆட்கள் தேடி வந்து ஜெபக் குறிப்பு கொடுத்தார்கள், மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிள்ளை, ஒரு அம்மா காணாமல் போன கறவை மாட்டுக்காக. மாடு கிடைத்தும் விட்டது. இதை நான் எப்படி மறுப்பேன். கடையில் வக்கீல்கள், கிருபாக்கா வாசித்துச் சரிபார்த்துக்கொண்டே அடிக்கிறாங்க என்று பெருமையாகச் சொல்வார்கள், ஏனென்றால் கை கீபோர்டில் ஓடும்போதுதான் வாய் உச்சத்தில் இருக்கும், கை ஓய்ந்தால் வாயும் கொஞ்சம் ஓயும், இரண்டுக்கும் நடுவே ஏதோ கயிறு கட்டியிருக்கிறது. அண்ணன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்ப்பான், பாதிச் சோற்றில் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவான். இப்போதெல்லாம் மேசைக்கே வருவதில்லை. அருவருப்பு. கூடப் பிறந்தவன் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியாத அளவுக்கு அருவருப்பு. அது மற்ற எல்லாவற்றையும் விட வலித்தது, வலிக்கிறது.

வக்கீல் பேச்சிமுத்து வந்துவிட்டார். இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல், கோட்டு இரவல், மூளை சொந்தம். "அக்கா, பயப்படாதிய, நான் பேசுதேன், நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்கிறார். அவருடைய கைக்குட்டைதான் நனைந்திருக்கிறது. இவரிடம் முதலில் போனபோது என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னார், அந்த விடுதியிடம் உங்க சிகிச்சைக் காகிதத்துக்கெல்லாம் நகல் கேட்கலாம், தரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை, நுகர்வோர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம், இந்த வாரியத்திலேயே புகார் கொடுக்கலாம். இத்தனையும் நான் அடுத்தவர்களுக்காக அடித்துக் கொடுத்தவைதான், எனக்கென்று ஒன்று உண்டு என்று தோன்றவே இல்லை, சமையல்காரிக்குப் பசிக்காத மாதிரி. ஆனால் நான் முதலில் கேட்டது நஷ்டஈடு இல்லை. திரும்பவும் எனக்குச் சுகமில்லாமல் போனால் திரும்பவும் அந்த ஊசியைப் போடுவார்களா என்றுதான் கேட்டேன். அப்போதுதான் சொன்னார், புத்தி தெளிவாக இருக்கிறபோதே எழுதி வைக்கலாம் என்று. நாளைக்கு நான் தடுமாறினால், இன்றைக்குத் தெளிந்திருக்கிற நான் சொல்கிறதைக் கேளுங்கள், எனக்கு இந்த மருந்து கொடுக்கலாம், இந்த ஊசி கூடாது, எனக்காகப் பேச இந்த ஆள் என்று. எவ்வளவு அழகான ஏற்பாடு, இன்றைய கிருபா நாளைய கிருபாவுக்கு எழுதுகிற வக்காலத்து. பெரியாஸ்பத்திரியில் புது டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஒழுங்காக விழுங்குகிறேன், ‘ழ’ வாயைத் திறப்பதில்லை, என் வாய்தான் மூடுவதில்லை. அது குறையலாம், குறையாமலும் போகலாம் என்று நேராகச் சொன்னார், நேராகச் சொன்னதாலேயே அவரைப் பிடித்தது. அவரே நான் தெளிவாக இருக்கிறேன் என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் அடித்து, பதிந்து, முடித்தாயிற்று. எனக்காகப் பேசுகிற ஆள் என்ற இடத்தில் ஆவுடையம்மாள் என்று அடித்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

இதோ வருகிறான் எதிர்க்கட்சி, என் அண்ணன். வெள்ளைச் சட்டை, கையில் தூக்குப் போணி. என் பையிலும் அதே மாதிரிப் போணி, இரண்டிலும் மைனி காலையில் ஒரே சட்டியில் கிளறிய எலுமிச்சைச் சோறு, ஒரே வீட்டிலிருந்து அவன் பைக்கில், நான் ஆவுடையோடு டவுன் பஸ்ஸில். மைனி இரண்டு போணியையும் மேசையில் வைத்துவிட்டு, "யாரு செயிச்சாலும் போணியத் தொலைக்காம கொண்டுவாங்க" என்றாள். அவள் நீதிபதியாயிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். நடையின் அந்தக் கோடியில் உட்காருகிறான், என் பக்கம் பார்த்து, உடனே சுவரைப் பார்க்கிறான். ரத்த சொந்தம் நான் ஒருத்தன் உயிரோட இருக்கப்ப வெளியாள் பேரைப் போடுவாளா என்று மைனியிடம் குமுறினானாம். அடுத்த வாரமே இங்கே மனுப் போட்டான், என் தங்கை எழுதி வைத்தது செல்லாது, அவளுக்கு இன்னும் புத்தி சுவாதீனம் இல்லை, நாள் முழுக்கத் தனக்குத்தானே முணுமுணுக்கிறாள், அந்த ஊசி ஒன்றுதான் அவளைக் காப்பாற்றியது, அதை ரத்து செய்ய வேண்டும். டைப்பில் ஏழெட்டுப் பிழை. எங்கே அடித்தானோ. மேற்படி முணுமுணுப்பைப் பார்த்ததும் ஆவுடைதான் சொன்னாள், "ஏட்டி, ஒன் வாய்தான் அவியளுக்குச் சாட்சி. அன்னைக்கு ஒரு நாள் அதக் கட்டிப் போட்டிட்டம்னா கேசு அவுட்டு." அப்படித்தான் கற்கண்டு வந்தது. அப்படித்தான் நான் சிலையானேன். தோற்றால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். தோற்றால் அடுத்த தடவை அந்தக் கூடம், அந்த நடை, அமைதியின்மை அதிகம்.

பேர் கூப்பிட்டாயிற்று. சின்ன அறை, நீண்ட மேசை, நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா, அவருக்கு அந்தப் பக்கம் மனநல டாக்டரம்மா, இன்னும் இரண்டு மூன்று முகங்கள். ஓரத்தில் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால், இரண்டே விரலால் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்துகிறது, டொக், பிறகு ஒரு யோசனை, பிறகு டொக், எனக்குக் காதில் ரத்தம் வராத குறை. அதைக் கேட்காதே கிருபா, சிலை, நீ சிலை. அண்ணன் பேசுகிறான், "கதவெல்லாம் கட்டிப் போட்டிருந்தா ஐயா, அப்படி ஒரு நாள் திரும்ப வந்தா நான் தாங்க மாட்டேன், அந்த ஊசி போட்ட பெறவுதான் என் தங்கச்சி எனக்குத் திரும்பக் கெடச்சா" என்கிறான். தங்கச்சி என்கிறான். கற்கண்டை நாக்கால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன். பேச்சிமுத்து என் பக்கத்து நியாயத்தை நன்றாகவே சொல்கிறார், ஊசி, கால், வாய், சட்டப் பிரிவு. டாக்டரம்மா என்னையே பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன், குடும்ப ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. உள்ளுக்குள் ஒரு துள்ளல், ஆவுடை, பார்த்தாயா, ஒரு நரம்பு அசையவில்லை, பொட்டலத்துக்குக் கோடி நன்றி.

"நான் ஆரம்பத்திலேருந்து இவங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்கிறார் டாக்டரம்மா. "முணுமுணுக்கிறாங்கன்னு அண்ணன் சொல்றார், அப்படி ஒண்ணும் தெரியல. ரொம்ப அமைதியா இருக்காங்க." பேச்சிமுத்துவின் முகம் மலர்கிறது. "ஆனா அந்த ஊசியால வாய் அசைவு நிரந்தரமா வந்துட்டுதுன்னு இவங்க எழுதியிருக்காங்க. அதுவும் எனக்குத் தெரியல. பாதிப்பு இருந்து சரியாயிட்டுதுன்னா, ஒரு அவசரத்துல வேற வழி இல்லாதப்ப அந்த மருந்தைத் தொடவே கூடாதுன்னு தடுக்கறதுக்குக் காரணம் என்ன?" மலர்ந்த முகம் அப்படியே நிற்கிறது, பேச்சிமுத்து காகிதத்தைப் புரட்டுகிறார், புரட்டிய இடத்திலேயே திரும்பப் புரட்டுகிறார். கர்த்தரே. சாட்சியைக் கட்டிப் போட்டோம் என்றாளே, யாருடைய சாட்சியை, என்னுடைய சாட்சியையே அல்லவா கற்கண்டு கொடுத்துக் கலைத்துவிட்டேன். இந்த முட்டாள்தனத்தை எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யார் செய்வார்கள், ஊராருக்கு அத்தனை மனு அடித்தும் இது தோன்றவில்லையே, காயத்தை மறைத்துக்கொண்டு அடிதடிக் கேசுக்கு வந்தவள் உலகத்திலேயே நான்தான். சரி, இப்போது வாயை விட்டுவிடலாமா, நாக்கை அவிழ்த்துவிட்டால் நொடியில் ஆட ஆரம்பிக்கும், ஆடினால் அண்ணன் சொன்ன முணுமுணுப்பு இதோ என்பார்கள். மூடினால் ஊசி, திறந்தால் பைத்தியம். மூடினால் ஊசி, திறந்தால் பைத்தியம். குதிகால் ஆரம்பித்துவிட்டது. நீதிபதி ஐயா பேனாவின் மூடியைக் கழற்றுகிறார், அந்தப் பேனா எழுதப்போகிறதை எனக்குப் படிக்கத் தெரியும், எத்தனை உத்தரவு பார்த்தவள் நான். டொக், என்கிறது ஓரத்தில் கம்ப்யூட்டர். யோசனை. டொக். ஐயோ பிள்ளே, பத்து விரல் எதற்குத் தந்திருக்கிறார் ஆண்டவர்.

பத்து விரல். கை ஓடினால் வாய் ஓடும், இரண்டுக்கும் நடுவே கயிறு.

கற்கண்டைக் கடிக்கிறேன். கடக் என்ற சத்தத்தில் நீதிபதி ஐயாவே நிமிர்ந்துவிட்டார். "ஐயா, ஒரு விண்ணப்பம். அந்தப் பிள்ள கொஞ்சம் எந்திரிச்சா, நீங்க சொல்லுததை நான் டைப் அடிக்கட்டுமா? எனக்கு அதான் தொழிலு. நான் அடிக்கப்ப என் கையையும் வாயையும் டாக்டரம்மா சேத்துப் பாக்கணும்." பேச்சிமுத்து தலையில் கை வைக்கிறார். டாக்டரம்மா மட்டும் சட்டென்று நாற்காலியை முன்னால் இழுக்கிறார், "ஆமா, கைக்கு வேலை கொடுத்துப் பாக்கணும், அது சோதனையிலேயே உண்டு. அவங்க கேக்கற வரைக்கும் காத்திருந்தது என் தப்பு, விடுங்க ஐயா" என்கிறார். உட்காருகிறேன். விரல்கள் தங்கள் இடத்தில் போய் உட்காருகின்றன, வீட்டுக்கு வந்த மாதிரி. நீதிபதி ஐயா அன்றைய விசாரணையைச் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன், கை மழை பெய்கிற மாதிரி ஓட, மேற்படி வாயும் புறப்பட்டுவிட்டது, உதடு குவிகிறது, நாக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது, தாடை அரைக்கிறது, நான் தடுக்கவில்லை, எத்தனை நாளைக்குப் பிறகு தடுக்காமல் விடுகிறேன், பின்னியிருந்த தலைமுடியை அவிழ்த்துவிட்ட சுகம். ஆடு, நன்றாக ஆடு, இன்றைக்கு உன் நாள். "இப்ப உங்களுக்குக் குரல் ஏதாவது கேக்குதா?" என்கிறார் டாக்டரம்மா குனிந்து. "ஐயா குரல்தான் கேக்கு. கொஞ்சம் வெரசாச் சொல்லச் சொல்லுங்க, கை சும்மா நிக்கி" என்கிறேன். நீதிபதி ஐயா சிரித்துவிட்டார். டாக்டரம்மா திரையைப் பார்க்கிறார், வாயைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார். ஒரு பிழை இல்லை. வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தால் கை வேறொன்றை இப்படி அடிக்க முடியுமா, இது பேச்சு இல்லை, தசை, என்று ஐயாவிடம் சொல்கிறார். என்னிடம் கையை நிறுத்தச் சொல்கிறார், நிறுத்துகிறேன், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது, அறையில் எல்லோரும் அது தணிவதைப் பார்க்கிறார்கள். வெட்கமாக இல்லை. முதல் தடவையாக வெட்கமாக இல்லை.

"அப்ப அது ஏச்சு இல்லியா?"

அண்ணன் எழுந்து நிற்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை, நீதிபதி ஐயா உட்காருங்க என்கிறார், அவனுக்கு அது காதில் விழவில்லை. "ஏ கிருபா, சாப்பிடும்போது எதுத்தாப்புல இருந்து வாய்க்குள்ளயே... நீ என்னய ஏசுதன்னுல்லாட்டி நெனச்சேன். நாந்தான ஒன்னய அங்க கொண்டுபோயி விட்டேன். மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் தெனமும் என்னய ஏசுதா, ஏசட்டும், ஏசத்தான செய்வா, ஆனா அதப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்கலட்டி." வெள்ளைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைக்கிறான். அருவருப்பு இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போனது அருவருப்பு இல்லை. ஐயரம்மாவுக்கு ஜெபம், வக்கீல்களுக்குச் சரிபார்ப்பு, காவல்காரருக்கு வெற்றிலை, இவனுக்கு ஏச்சு, ஒரு வருஷமாக இந்த மடையன் என் ஏச்சைச் சோற்றோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான், நான் அவன் முகச் சுளிப்பை விழுங்கிக்கொண்டிருந்தேன், மைனி நடுவில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணே, ஏசணும்னா சத்தமா ஏச எனக்குத் தெரியாதா?" என்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன, வரட்டும். அவன் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "அந்த ஊசி போட்டதாலயாம்மா இது?" என்கிறான். அவர் ஆமாம் என்கிறார். "அளவக் கூட்டுங்கன்னு அவிய சொன்னப்ப நானும் சரின்னு கையெழுத்துப் போட்டேனே" என்கிறான். போட்டான்தான். வீட்டுக்குப் போய் அதற்கு ஒரு நாள் ஏசிக்கொள்ளலாம்.

"மனுவை நடத்துறீங்களா?" என்று நீதிபதி ஐயா கேட்கிறார். அண்ணன் ஆவுடையைப் பார்க்கிறான், கதவோரத்தில் கற்கண்டுப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறவளை, நெடுநேரம் பார்க்கிறான். "இல்ல ஐயா. வாபஸ் வாங்கிக்கிடுதேன். அவ எழுதுனபடியே இருக்கட்டும்." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒனக்கு ஏதாவதுன்னா எனக்கும் ஒரு வார்த்த சொல்லிவிடச் சொல்லு ஆவுடைட்ட, அம்புட்டுத்தான்" என்கிறான். அப்படியானால் ஒரு வாபஸ் மனு அடித்து, கையெழுத்துப் போட்டு, இப்போதே கொடுத்துவிடுங்கள் என்கிறார் ஐயா. பேச்சிமுத்துவுக்கு இதற்குள் அடுத்த கேசு கண்ணில் தெரிந்துவிட்டது, "அந்த விடுதி மேல போடணும்லாக்கா, அண்ணன்தான் மொதச் சாட்சி" என்று காதில் கிசுகிசுக்கிறார், போடுவோம், போடாமல் விடுவேனா, அதையும் நான்தான் அடிப்பேன், பிழையில்லாமல். அந்தப் பிள்ளை தன் நாற்காலிக்காகக் காத்து நிற்கிறது. "நீ இரும்மா, ஒரு நிமிஷம்" என்கிறேன். எதிர்க்கட்சிக்கு வாபஸ் மனு அடித்துக் கொடுத்த டைப்பிஸ்ட் வேறு எங்காவது உண்டா. விரல்கள் இடத்தில் உட்காருகின்றன. மனுதாரராகிய நான் மேற்படி வழக்கைத் தொடர்ந்து நடத்த விரும்பவில்லை. ‘ழ’ வருகிறது, தட்டுகிறேன், வெறும் எழுத்துதான், ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் மட்டும் தன் பாட்டில் அரைக்கிறது. அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து நிற்கிறான், பைக் எண்ணெயும் எலுமிச்சைச் சோறும் கலந்த வாசனை, திரையைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்க்கிறான், இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

"இப்ப ஏசுதியாட்டி?" என்கிறான் மெதுவாக.

"இப்ப நெசமாவே ஏசுதேன்" என்கிறேன், கையை நிறுத்தாமல்.